பூஜ்யத்துக்குக் கீழே

பூவாத்தா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள். கருவிக்குத்தான் அது எட்டவில்லை.

கயல் மறுபடியும் கருவியைப் பசுவின் மூக்கருகே கொண்டுபோனாள். பசு அதை நக்கப் பார்த்தது. சோளத்தட்டு வாசம் கலந்த ஈர மூச்சு அவள் புறங்கையில் பட்டு வெதுவெதுத்தது. திரையில் எண் வரவேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது.

“இப்பவும் வல்லீங்களா, அம்மிணி?” என்றாள் பழனாத்தாள்.

“இல்லக்கா.”

“இந்த மிஷினுக்கும் என்ற மாட்டுக்கும் அப்படி என்னதான் பகையோ போங்க. பேங்க்காரங்க வந்தப்பவும் இதே கதைதான். எண்ணு வல்லீன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.”

அதனால்தான் கயல் இன்று ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தானே கிளம்பி வந்திருந்தாள். அவளுக்குக் கீழே வேலை செய்பவர்கள் யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் பசுவின் வயிற்றுக்குள் இருக்கும் அந்த நுண்ணுயிரை உருவாக்கியவள் அவள். அது ஒரு மாட்டில் வேலை செய்யவில்லை என்றால், தான் பெற்றது பள்ளிக்கூடத்தில் பேசவில்லை என்று கேட்டதுபோல மனசு அடித்துக்கொள்ளும்.

பழனாத்தாள் தொழுவத்துக் கல்மேல் உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. கணவன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவளுக்கென்று இருந்தது காய்ந்துபோன போர்க்குழாயும் இந்தப் பசுவும்தான்.

“அந்த மிஷினு மாட்டோட மூச்ச மோந்து பாக்குதாக்கும்?”

“மோந்து பாக்கலக்கா. மாட்டு வயித்துல கோடி கோடியா நுண்ணுயிர் இருக்கு, அதுங்கதான் தீனியச் செரிக்க வைக்குது. அதுல ஒண்ண எடுத்து நான் கொஞ்சம் மாத்தியிருக்கேன். மாட்டுக்கு வலிச்சாலோ பயந்தாலோ ரத்தத்துல ஒரு பொருள் ஊறும். அது வயித்துக்கு வந்ததும் இந்த நுண்ணுயிர் ஒரு வாயுவ விடும். மூச்சோட வெளிய வரும். கருவி அதுமேல வெளிச்சத்தப் பாய்ச்சும். ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு மாதிரி நடுங்கும். எங்க ஜோயல் சார் அந்த நடுக்கத்த எண்ணா மாத்திக் குடுக்கறார்.”

“நடுங்கறத எண்ணறதுக்குன்னே ஒரு படிப்பா?” பழனாத்தாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். “நானெல்லாம் காசில்லாம எண்ணியிருப்பனே.”

கயலும் சிரித்தாள். சிரித்துவிட்டு, எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தோம் என்று ஒரு கணம் யோசித்தாள்.

கருவியைச் செய்தபோது அவளுக்கும் ஜோயலுக்கும் இருந்த நோக்கம் நல்லது. வாயில்லாத ஜீவனுக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வதை இல்லாத பால்தான் வேண்டும் என்றார்கள். வங்கி முன்வந்தது. வலி இல்லாத மாட்டுக்குக் குறைந்த வட்டியில் கடன், எண் ஏற ஏற வட்டி ஏறும், ஒரு அளவைத் தாண்டினால் கடனே கிடையாது. மாட்டை அடிப்பவனும் பட்டினி போடுபவனும் தானாகத் திருந்துவான் என்று கயல் மேடையேறிப் பேசினாள், கைதட்டினார்கள். இப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எண் இல்லாமல் மாட்டுக்கடன் என்று ஒன்று இல்லை.

“பங்குனி பொறந்தா தீனிக்குச் சோளத்தட்டுக்கு எங்க போவன்? கடன் வந்தா வண்டித் தட்டு வாங்கிப் போட்டுருவன். இல்லீன்னா இதச் சந்தைக்குத்தான் ஓட்டோணும். வியாபாரி ஒருத்தன் வந்து பல்லப் புடிச்சுப் பாத்துட்டும் போயிட்டான்.” பழனாத்தாள் பசுவின் கழுத்துத் தொங்கலைத் தடவினாள். “எட்டு வருசமா பொறுத்துப் பால் குடுக்கறா. காலடியில வந்து படுத்துக்குவா. அவன் எங்க ஓட்டுவான்னு எனக்குத் தெரியாதுங்களா?”

நுண்ணுயிர் சரியாகக் குடியேறாமல் இருந்திருக்கலாம் என்று கயல் விளக்கினாள். சில மாடுகளுக்கு அப்படி ஆவதுண்டு. கொண்டுவந்திருந்த புட்டியைப் பசுவின் வாயில் புகட்டினாள். கொஞ்ச நாள் போகட்டும், நிச்சயம் எண் வரும் என்றாள். எண் வந்துவிட வேண்டும் என்று அவளும் மனசார வேண்டிக்கொண்டாள்.

*

நிலையத்தில் மல்லி என்றொரு பசு இருந்தது. அதன் இடது விலாவில் ஒரு வட்டத் துளை. துளையைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்து முழங்கைவரை உள்ளே விட்டு இரைப்பையிலிருந்து ஒரு பிடி அள்ளி வருவதுதான் கயலின் காலை வேலை. இந்த ஆராய்ச்சியில் இருப்பவர்கள் எல்லா நாட்டிலும் இப்படி ஒரு பசுவை வைத்திருப்பார்கள். புதிதாக வருபவர்கள் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு பழகிவிடும்.

மல்லி அசையாது. உதைக்காது, கத்தாது. கை உள்ளே இருக்கும்போது அரைக்கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். “நம்ம நிலையத்துலயே தியானம் பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு,” என்பான் ஜோயல்.

அதனால்தான் அளவுகோலைப் போட்டபோது, மல்லியின் மூச்சில் இருந்த அளவையே பூஜ்யம் என்று வைத்தார்கள். யாரும் விவாதிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பசு, வேளைக்குத் தீனி, மின்விசிறி, மருத்துவர். இதைவிட நிம்மதியான மாடு எங்கே இருக்கப்போகிறது? அதற்குக் கீழே எதுவும் வந்தால் திரையில் காட்டவேண்டாம் என்று ஜோயல் எழுதிவிட்டான். “வலி இல்லாததுக்கும் கீழ என்ன இருக்கு? கருவியோட வெறும் இரைச்சல்தான்,” என்றான். கயலும் தலையாட்டினாள்.

பூவாத்தாவைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம் மல்லியின் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டியிருந்தது. பழையது இறுகிப் போயிருந்தது. கால்நடை மருத்துவர் விலாவைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார். வழக்கப்படி கருவி மல்லியின் மூக்கருகே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் காட்டும் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரம் போயிற்று. பூஜ்யம் மறைந்தது. திரை வெறுமையாயிற்று.

“மக்கா, உனக்கென்னடே ஆச்சு?” ஜோயல் கருவியைத் தட்டினான். நாகர்கோவில்காரன், மனிதர்களைவிட இயந்திரங்களோடுதான் ஊர்ப்பாஷை பேசுவான். “நல்லாத்தானே இருந்த.”

“தட்டாதீங்க ஜோயல்,” என்றாள் கயல்.

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு அவன் திரும்பிப் பார்த்தான்.

மல்லி கழுத்தை நீட்டியது. ஒருபோதும் செய்யாதபடி பின்கால்களை மாற்றி வைத்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. பிறகு கண்ணை அகலத் திறந்து சுற்றிலும் பார்த்தது. அந்தக் கொட்டகைக்கு அன்றுதான் வந்ததுபோல.

மருத்துவர் பழைய வளையத்தைக் கழற்றினார். அதன் உட்புறத்தில் சதை வளர்ந்து, ரப்பரில் அழுந்தி அழுந்திப் புண்ணாகிக் கிடந்தது. “ஆரம்பத்துலயே அளவு சின்னதா போட்டுட்டாங்க போல,” என்றார். “பாவம், சத்தமே போடலியே.”

ஜோயல் மறைத்துவைத்திருந்த எண்களை மடிக்கணினியில் திறந்தான். வெறுமை என்று திரை சொன்ன இடத்தில் எண்கள் இருந்தன. பூஜ்யத்துக்குக் கீழே, ஒவ்வொன்றாக, ஆழமாக இறங்கிக்கொண்டே போயின.

“கயல்,” என்றான் மெதுவாக. “நாம பூஜ்யம்னு வச்சது...”

“வலி.”

“அப்போ வெளிய இருக்கற மாடெல்லாம்?”

கயல் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆயிரக்கணக்கான மாடுகள் பூஜ்யத்திலும் அதற்கு மேலும்தான் இருந்தன. அவை மல்லி அளவுக்காவது வலியோடு நிற்கின்றன. எண்ணே வராத சில மாடுகள் மட்டும் உண்மையில் சுகமாக இருக்கின்றன. அவற்றைத்தான் அவள் நுண்ணுயிர் குடியேறவில்லை என்று ஒதுக்கிவைத்தாள், புட்டி புட்டியாகப் புகட்டினாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கயல் சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவன் சிபி வந்தான். “என்ன, தலைவலியா?” என்றான். “ஒண்ணுமில்ல,” என்றாள். அவன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நல்லவன். அவர்களுக்குள் சண்டை கிடையாது. ஏழு மாதத்தில் வயிற்றிலேயே போன குழந்தைக்குப் பிறகு, அதைப்பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளாமல், ஒருவர் தட்டில் இன்னொருவர் குழம்பு ஊற்றிக்கொண்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வாழ்ந்துவந்தார்கள். அதை அவள் நிம்மதி என்றுதான் நினைத்திருந்தாள். கேட்பவர்களிடம் அப்படித்தான் சொன்னாள், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல்.

மல்லியின் அரைக்கண் அவள் நினைவுக்கு வந்தது. அத்தனை காலைகளிலும் அந்தப் பசுவின் வயிற்றுக்குள் கைவிட்டுக்கொண்டு நின்றவளுக்கு அதன் வலி ஏன் தெரியவில்லை? எதனோடு ஒப்பிட்டு அதை அமைதி என்று முடிவு செய்தாள்? தன்னோடுதான். வேறு எதனோடு?

டீ ஆறிப்போயிற்று. குடித்தாள்.

*

வங்கியின் வட்டார மேலாளர் சுகந்தி, கயலைவிட இளையவள், கேட்கத் தெரிந்தவள். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

“பூஜ்யக் கோட்டத் தப்பான இடத்துல போட்டுட்டோம், மேடம். கீழ இறக்கணும்.”

“இறக்கினா?”

“இப்ப பூஜ்யம்னு இருக்கற மாடெல்லாம் வலியோட இருக்கற மாடுன்னு ஆகும்.”

“ஆயிட்டா ஒப்பந்தப்படி கடனத் திருப்பிக் கேக்கணும். கேட்டா பெரிய பண்ணைக்காரங்க வக்கீல் வச்சுக்குவாங்க. ஒத்த மாட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க, டாக்டர்? மாட்ட வித்துத்தான் கட்டுவாங்க. வாங்கறவன் அத எங்க கொண்டுபோவான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

கயல் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி சொன்னது, தானும் யோசித்து யோசித்து வந்து நின்ற அதே இடம்.

“மாடுகளோட நல்லதுக்குன்னு பண்றீங்க, புரியுது,” என்றாள் சுகந்தி. “ஆனா நீங்க சொல்றபடி செஞ்சா முதல்ல சாகறது மாடுங்கதான்.”

“சரி. எண் வராத மாடுங்களுக்காவது கடன் குடுங்க. அதுங்கதான் உண்மையிலேயே நல்லா இருக்கற மாடுங்க.”

“எண்ணே இல்லாததுக்கு எந்த விதியில குடுக்கறது? கம்ப்யூட்டர் ஏத்துக்காது. மேலிடத்துல குழு போட்டு, விதிய மாத்தி... எழுதிக் குடுங்க, அனுப்பறேன். எப்ப வரும்னு சொல்ல முடியாது.” சுகந்தி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கனிவாகவே சொன்னாள். “ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. நாங்க கணக்குப் போட்டுப் பாத்துட்டோம். பூஜ்யம் வர்ற மாட்டுக்காரங்கதான் தவறாம கட்டறாங்க. ஏன்னு தெரியாது. உங்க பார்வையில அது தப்பான கோடா இருக்கலாம். எங்களுக்கு உங்க கருவி சரியாத்தான் வேலை செய்யுது.”

வெளியே காத்திருந்த ஜோயல், “என்ன சொன்னா?” என்று கேட்டான். கயல் வண்டியில் ஏறியபிறகு சொன்னாள்.

“பொறுத்துக்கறதுதான் அவங்களுக்கு வேணும், ஜோயல். எவ்வளவு வலிக்குதுங்கறது வேண்டாம். மாறாம ஒரே அளவுல இருந்தாப் போதும்.”

“மாட்டச் சொல்றாளா, மனுசனச் சொல்றாளா?”

“பிரிச்சுச் சொல்லல.”

*

பழனாத்தாளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கயலுக்குத் தோன்றியது. கடன் வாங்கித் தர முடியவில்லை. இதையாவது சொல்லலாம். அவள் மாட்டில் எந்தக் குறையும் இல்லை, குறை எங்கள் கோட்டில்தான் என்று. அந்தக் கிழிந்த மனசுக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். யாருடைய மனசு என்று அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பழனாத்தாள் மோர் கொடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

“அப்ப என்ற பூவாத்தா அத்தன சொகமா இருக்கறாளா?”

“ஆமாக்கா. நான் பாத்ததுலயே இதுதான்.”

“நான்தான் சொன்னேனே, பேங்க்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு.” பசுவின் நெற்றியில் தட்டினாள். “கேட்டியாடி? நீ ராசாத்தியாமா. எண்ணுக்குள்ளயே அடங்கமாட்டியாமா.” பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்தப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள், “சொகமா இருக்கறதாலதான் கடன் இல்லைங்கறீங்க?”

“விதிய மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கோம்க்கா.”

“பங்குனிக்குள்ள மாத்திருவாங்களா?”

கயல் பசுவின் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சமா வலிச்சா, எண்ணு வருமுங்களா?”

அந்தக் கேள்வியைக் கயல் கேட்கத்தான் செய்தாள். பாமரத்தனமான கேள்வி என்று எடுத்துக்கொண்டாள். சந்தேகம் தீர்த்துவைக்கும் ஆசிரியையைப் போல, “வரும்,” என்றாள்.

*

பங்குனி பிறந்து சில நாள் கழித்து ஜோயல் உற்சாகமாக வந்தான். “உங்க பழனாத்தாளுக்குக் கடன் வந்துட்டு, கயல். பேங்க்காரன் போய்ப் பாத்திருக்கான். சுத்தமா பூஜ்யம். ரெண்டாவது புட்டி வேலை செஞ்சிருக்கு போல.”

கயல் எழுந்து நின்றாள். “புட்டியால வரல, ஜோயல். பூஜ்யம்னா அதுக்கு வலிக்குது.”

தனியாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வழி நெடுக, காய்ச்சலாக இருக்கும், மடிவீக்கமாக இருக்கும், வெயில் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனாள். அத்தனையும் நோய்கள். நோயாக இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

வாசலில் ஒரு வண்டித் தட்டு போராகக் குவிந்து கிடந்தது. பழனாத்தாள் எதிரே வந்தாள். சிரிக்கவில்லை.

“வாங்க அம்மிணி.”

தொழுவத்தில் பூவாத்தா தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தாள். முதலில் தீனி தின்கிறாள் என்றே தோன்றியது. கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது. கழுத்தையும் முன்னங்காலையும் சேர்த்து ஒரு குட்டைக் கயிறு கட்டியிருந்தது. தலையை நிமிர்த்தினால் கால் தூக்கும். காலை ஊன்றினால் தலை தாழ வேண்டும். கணுக்காலில் கயிறு உரசிய இடத்தில் மயிர் கொட்டி, தோல் சிவந்திருந்தது.

“எத்தன நாளாக்கா?”

“அவங்க வர்றதுக்கு முந்தி ஒரு வாரம். அவங்க போனதும் அவுத்துட்டன்.” பழனாத்தாள் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். “அப்பறம் போன் வந்துது. கடன் முடியற வரைக்கும் மாசாமாசம் வந்து பாப்பாங்களாமா. எப்ப வருவாங்கன்னு சொல்லமாட்டாங்களாமா. மறுக்கா கட்டிப்போட்டன்.”

கயல் தொழுவத்துக் கல்மேல் உட்கார்ந்தாள்.

“நீங்க தப்பா நெனைக்காதீங்க. வித்திருந்தா அவ இன்னேரம் இல்லீங்க. இப்ப இருக்கறா. தட்டு திங்கறா.” தட்டுப் போரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “காலடியில வந்து படுக்கறதத்தான் விட்டுட்டா. அந்தக் கயித்தோட மடக்கிப் படுக்க முடியறதில்ல பாருங்க.”

கயல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விதி மாறும் என்றா? விற்றுவிடு என்றா? அவிழ்த்துவிடு என்றா? எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதை நம்பி இன்னொரு காரியம் நடந்துவிடும் என்று பயமாக இருந்தது.

பழனாத்தாள் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். யாரோ கேட்டுவிடுவதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு ஒதவி பண்ணுவீங்களா? எனக்கு அளவு தெரியலீங்க. எத்தன இறுக்கோணும்னு தெரியாம அதிகமா இறுக்கிப் போட்டுட்டனோன்னு இருக்குது. ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. உங்ககிட்டத்தான் மிஷினு இருக்குதே. பூசியம் வர்ற அளவு போதுமுங்க. அதுக்கு மேல ஒரு இம்மியும் அவளுக்கு வலிக்க வேண்டாம்.”

கயல் பையைத் திறந்து கருவியை எடுத்தாள்.

பூவாத்தாவின் மூக்கருகே பிடித்தாள். எண் வந்தது. இரண்டு. மண்டியிட்டுக் கயிற்றின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள். நுண்ணுயிருக்குச் செய்தி போய்ச்சேர நேரமாகும், காத்திருந்தாள். ஒன்று. இன்னும் ஒரு விரற்கடை விட்டாள். பசு தலையைச் சற்று நிமிர்த்தி நீளமாக மூச்சுவிட்டது. திரை வெறுமையாயிற்று.

இருவரும் அந்த வெறுமையைப் பார்த்தார்கள். பசுவின் காது ஆடியது. பழனாத்தாள் கையை எடுத்து அதன் நெற்றிமேல் வைத்தாள், எடுக்கவில்லை.

“இப்ப வலிக்கலீங்களா?”

“இல்லக்கா.”

“கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமுங்க.”

இருந்தார்கள். வெயில் தொழுவத்தின் ஓலை இடுக்கில் புகுந்து பசுவின் முதுகில் ஏறியது.

பிறகு கயல் கயிற்றைப் பிடித்து, மெதுவாக, நூல் நூலாக இழுத்தாள். திரையில் பூஜ்யம் வந்தது. அவள் அந்த இடத்திலேயே முடிச்சைப் போட்டாள்.